குதிரையோடு கோச்சிங்: ‘சர்ட்டிஃபைடு’ ஆக பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆபீஸ் ஆஃப்சைட் என்றால் ரிசார்ட், நீச்சல் குளம், கயிறு இழுக்கும் போட்டி என்றுதான் நமக்குப் பழக்கம். இந்தியாவில் சில நிறுவனங்கள் இப்போது ஊழியர்களைக் குதிரை லாயத்துக்கும் அழைத்துப் போகின்றன. சவாரிக்கு இல்லை, தலைமைப் பண்புப் பயிற்சிக்கு.

அப்படி ஒரு நாளை முடித்துவிட்டு வரும் ஹெச்.ஆர், ஐடி ஆட்களில் சிலருக்கு அடுத்த வாரமே ஒரு யோசனை வரும்: “இதையே நான் தொழிலா பண்ணா என்ன?” போனில் தேடினால் போதும், விளம்பரங்கள் வந்து நிற்கும். சில நாள் பயிற்சி, ஒரு ஆன்லைன் தொகுப்பு, முடிவில் ‘குதிரைவழிக் கற்றல் மற்றும் கோச்சிங்கில் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர்’ என்ற பட்டம்.

நீங்களும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பவராக இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அந்தச் சான்றிதழ் எதற்கு உத்தரவாதம் தருகிறது, எதற்குத் தருவதில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அங்கே என்னதான் நடக்கும்?

வேலி போட்ட ஒரு மணல் திடல். உள்ளே ஒன்றோ இரண்டோ குதிரைகள், பெரும்பாலும் கயிறு இல்லாமல். யாரும் மேலே ஏறப் போவதில்லை. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு வேலை தரப்படும்: குதிரையைத் தொடாமல், தீனி காட்டாமல், ஒருவரோடு ஒருவர் பேசாமல், தரையில் கிடக்கும் இரண்டு கம்புகளுக்கு நடுவே அதை நடக்க வைக்க வேண்டும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் கையை வீசுவார், ஒருவர் பின்னாலிருந்து விரட்டுவார், ஒருவர் ஓரமாகப் போய் நின்றுகொள்வார். குதிரை தன் பாட்டுக்குத் தரையை மோந்துகொண்டிருக்கும்.

வேலை முடிந்ததும் பயிற்றுநர் கேட்பார்: “முதல் ஐந்து நிமிஷம் யார் முடிவெடுத்தீங்க? குதிரை நின்னப்போ நீங்க என்ன பண்ணீங்க? இதே மாதிரி ஆபீஸ்ல எப்போ நடந்திருக்கு?”

கடைசிக் கேள்வியில்தான் பயிற்சியே இருக்கிறது. உடம்பால் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு, அதைப் பற்றிப் பேசிக் கற்றுக்கொள்வது. அதனால் இந்தத் தொழிலுக்கு இரண்டு திறமை வேண்டும். குதிரையைத் தெரிந்திருக்க வேண்டும், மனிதர்களோடு பேசத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று இருந்து இன்னொன்று இல்லையென்றால் ஆபத்து.

சிகிச்சை வேறு, கோச்சிங் வேறு

குதிரையை மனிதர்களின் நலனுக்குப் பயன்படுத்தும் இன்றைய முறைகளின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் பெயரில்தான் தொடங்குவார்கள். 1944-ல் போலியோ தாக்கி முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தின் டிரஸ்ஸாஜ் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான சவாரிப் பயிற்சி பரவ அது ஒரு தூண்டுதல். இன்று ‘பாத் இன்டர்நேஷனல்’ என்று அழைக்கப்படும் அமெரிக்க அமைப்பு 1969-ல் தொடங்கியது இந்த வேலைக்காகத்தான்.

சவாரி இல்லாமல், தரையில் நின்றபடியே மனநலத்துக்கும் கற்றலுக்கும் குதிரையைப் பயன்படுத்தும் முறைகள் பிறகு வளர்ந்தன. 1999-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘இகாலா’ அமைப்பின் முறை அவற்றில் பரவலாக அறியப்பட்டது. ஜெர்மனி போன்ற நாடுகளில் மேலாளர்களுக்கான தலைமைப் பயிற்சியாகவும் இது வளர்ந்தது.

ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்ததில் குழப்பம் கூடியது. அதைத் தீர்க்க, அமெரிக்காவில் இத்துறையினர் கூடி உருவாக்கிய ஒரு பொது ஆவணம் 2021-ல் வெளியானது. அது இந்தச் சேவைகளை மூன்றாகப் பிரிக்கிறது: சிகிச்சை, கற்றல், குதிரையேற்றம். சிகிச்சை என்ற சொல், அதற்கான தொழில் உரிமம் உள்ளவர்கள் செய்யும் வேலைக்கு மட்டுமே உரியது. நீங்கள் பார்க்கும் கோச்சிங் கோர்ஸ் இரண்டாவது பெட்டிக்குள் வருகிறது. இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

குதிரை நம்மை நிஜமாவே ‘படிக்குமா’?

ஓரளவுக்கு, ஆமாம். மூன்று ஆய்வுகளைப் பார்க்கலாம்.

2009-ல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், குதிரையை நடத்திச் செல்பவர்களிடமும் ஓட்டிச் செல்பவர்களிடமும், குறிப்பிட்ட ஒரு சுற்றில் ஒருவர் திடீரெனக் குடையை விரிப்பார் என்று சொல்லி வைத்தார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் அந்தச் சுற்றில் மனிதர்களின் இதயத்துடிப்பு கூடியது. குதிரைகளின் துடிப்பும் கூடியது.

2015-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரை முகத்தில் 17 தனித்தனி அசைவுகளைப் பட்டியலிட்டார்கள். 2016-ல் அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு ஆய்வு, 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் புகைப்படங்களைக் காட்டியது. கோபமான முகத்தைப் பார்த்தபோது அவற்றின் இதயத்துடிப்பு வேகமாகக் கூடியது.

வேட்டையாடப்படும் விலங்கு அது. சுற்றியிருப்பவர்களின் பதற்றத்தைக் கவனிப்பது அதன் பிழைப்பு. ‘குதிரை பொய் சொல்லாது, உங்கள் கண்ணாடி அது’ என்ற விளம்பர வாசகம் பிறப்பது இங்கிருந்துதான். ஆனால் பதற்றத்தை உணர்வது வேறு, ‘உங்க டீம் உங்களை நம்பல’ என்று சொல்வது வேறு. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ள இன்னும் நூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

ஹான்ஸ் என்ற குதிரை சொல்லும் பாடம்

1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை பிரபலம். அதன் உரிமையாளர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கூட்டல், கழித்தல், பின்னம் என்று எதைக் கேட்டாலும் ஹான்ஸ் குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1904-ல் ஒரு குழு வந்து பரிசோதித்தது. மோசடி எதுவும் அகப்படவில்லை.

ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற ஆய்வாளர் பிறகு ஒரு எளிய மாற்றத்தைச் செய்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி பார்த்துக்கொண்டார். ஹான்ஸ் தோற்றது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தார். அப்போதும் தோற்றது. விடை நெருங்கும்போது கேட்பவரின் தலையிலும் உடம்பிலும் தோன்றும் மிகச் சிறிய அசைவைப் பார்த்துத்தான் குதிரை தட்டுவதை நிறுத்தியது. கணக்கு தெரிந்தது மனிதருக்கு, மனிதரைத் தெரிந்தது குதிரைக்கு. ஃபங்ஸ்ட் தன் முடிவுகளை 1907-ல் வெளியிட்டார்.

நமக்கு முக்கியமான விவரம் ஒன்று இருக்கிறது. அந்த அசைவுகளைக் கண்டுபிடித்த பிறகும், தானே கேள்வி கேட்டபோது அவற்றை அடக்குவது ஃபங்ஸ்டுக்கே முடியவில்லை. தெரிந்திருந்தும் உடம்பு காட்டிக்கொடுத்தது.

இதை அப்படியே கோச்சிங் திடலுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மேலாளரை விட்டுக் குதிரை விலகிப் போகிறது. பயிற்றுநர் மனதில் அவரைப் பற்றி ஏற்கெனவே ஒரு எண்ணம் இருக்கிறது. “பாருங்க, நீங்க கிட்ட வந்தா எல்லாரும் விலகிப் போறாங்க” என்கிறார். மேலாளர் கண் கலங்குகிறார். குதிரை விலகியது ஈயினால் இருக்கலாம், தீனி நேரம் ஆனதால் இருக்கலாம், பக்கத்து லாயத்திலிருந்து ஜோடிக் குதிரை கனைத்ததால் இருக்கலாம். பயிற்றுநர் நின்ற இடத்தினாலேயே கூட இருக்கலாம்.

நல்ல பயிற்சி இதைத்தான் முதலில் கற்றுத்தரும். ‘குதிரை மூன்று அடி பின்னால் நகர்ந்தது’ என்பது கவனிப்பு, ‘உங்களை நம்பவில்லை’ என்பது கற்பனை. இகாலா முறையில், கவனிக்க வேண்டியவற்றின் பட்டியலில் கடைசியாக ‘என் சொந்தச் சுமை’ என்று ஒரு பகுதி இருப்பதும், மனநல நிபுணர் ஒருவர், குதிரை நிபுணர் ஒருவர் என இரண்டு பேர் திடலில் நிற்க வேண்டும் என்பதும் இந்தக் காரணத்தோடு பொருந்துகிறது. ஒருவர் கண்ணுக்குத் தப்புவதை இன்னொருவர் பிடிக்க முடியும்.

பலன் இருக்கிறது என்பதற்கு ஆதாரம்?

மனநலச் சிகிச்சைப் பக்கம் 2014-ல் ஒரு முக்கியமான மதிப்பாய்வு வந்தது. மனநலக் கோளாறுகளுக்குக் குதிரை சார்ந்த சிகிச்சை பற்றிய 14 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் முறைசார்ந்த குறைகள் இருந்தன. இந்தச் சிகிச்சையை விளம்பரப்படுத்தவோ பயன்படுத்தவோ இந்த ஆதாரம் போதாது என்பது அவர்களின் முடிவு. அதற்குப் பிறகும் ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் சின்னக் குழு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாமை, பங்கேற்றவர்களே நிரப்பிய படிவம் என்ற பிரச்னைகள் இந்தத் துறையை விட்டு அகலவில்லை.

கார்ப்பரேட் பயிற்சிப் பக்கம் இன்னும் மெல்லிய தரை. நாள் முடிவில் ‘உங்களுக்குப் பிடித்திருந்ததா?’ என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? வெயில் தணிந்த திடல், அழகான விலங்கு, லேப்டாப் இல்லாத ஒரு நாள். பிடித்திருப்பது வேறு, ஆறு மாதம் கழித்து மேலாளரின் நடத்தை மாறியிருப்பது வேறு.

இதனால் இது வெறும் ஏமாற்று வேலை என்று அர்த்தமில்லை. ‘உங்களைக் கவனிக்க உதவும் ஒரு அனுபவம்’ என்று விற்கலாம். ‘மன அழுத்தத்தைக் குணமாக்கும்’ என்று விற்கக் கூடாது.

சான்றிதழைத் தருவது யார்?

‘சர்ட்டிஃபைடு’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வகைகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் வகையில், பயிற்சியை விற்பவரே தேர்வும் வைத்து சான்றிதழும் தருகிறார். நீங்கள் தேறினால் அவருக்கு நல்ல பெயர், தோற்றால் ஒரு வாடிக்கையாளர் குறைவு. சில கோர்ஸ்களில் வருகைப் பதிவே தேர்ச்சி.

இரண்டாவது வகையில், ஒரு தொழில் அமைப்பு தரம் வகுத்து, அனுபவம் கேட்டு, ஒழுக்க விதி வைத்து, மீறினால் சான்றிதழைத் திரும்பப் பெறவும் செய்கிறது. இங்கேயும் பயிற்சியும் சான்றும் ஒரே அமைப்பிடம் இருக்கலாம். ஆனால் நுழைவுத் தகுதி கடினம்.

எவ்வளவு கடினம்? இகாலா முறையில் குதிரை நிபுணராக வருபவரிடம் குதிரைகளோடு நேரடியாக 6,000 மணி நேரம் வேலை செய்த அனுபவம் கேட்கப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சனி, ஞாயிறு தலா 4 மணி நேரம் நீங்கள் லாயத்தில் செலவிட்டால் வாரத்துக்கு 8 மணி நேரம். 6,000-ஐத் தொட 750 வாரம். அதாவது 14 ஆண்டுகளுக்கு மேல்.

கோச்சிங் பக்கம், சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐசிஎஃப்-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் ஆரம்ப நிலைத் தகுதிக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் வேண்டும். அடுத்த நிலைக்கு 125 மணி நேரப் பயிற்சியும் 500 மணி நேர அனுபவமும்.

இப்போது அந்த ‘சில நாள்’ கோர்ஸை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்தச் சில நாட்கள் வீண் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே கோச்சாக இருப்பவருக்கோ, குதிரைகளோடு வளர்ந்தவருக்கோ அது ஒரு நல்ல இணைப்புப் பாலம். இரண்டும் இல்லாதவருக்கு அது பாலம் அல்ல, அறிமுகம் மட்டும்தான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த 6,000 மணி நேரத்தை ஏற்கெனவே முடித்தவர் நீங்கள் போகும் லாயத்திலேயே இருக்கிறார். குதிரையைக் குளிப்பாட்டி, லத்தி அள்ளி, தீனி வைக்கும் பராமரிப்பாளர். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் இரண்டரை ஆண்டில் அவர் அந்த எண்ணைத் தாண்டிவிடுவார். எந்தக் குதிரை எந்தக் காதை மடக்கினால் கடிக்கும் என்று அவருக்குத் தெரியும். கட்டணமும் ஆங்கிலமும் தடையாக இருப்பதால் சான்றிதழ் அவருக்குக் கிடைப்பதில்லை. மேடையில் மைக் பிடிப்பவருக்குக் கிடைக்கிறது.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

‘கோச்’ ஆக இந்தியாவில் எந்த அரசு உரிமமும் தேவையில்லை. குதிரையோடு செய்தாலும் அப்படித்தான். அதனால் எந்த வெளிநாட்டுச் சான்றிதழும் இங்கே உங்களுக்குச் சட்டப்படி ஒரு தனி அதிகாரத்தைத் தந்துவிடாது. சந்தையில் மதிப்பு தரலாம், அவ்வளவுதான்.

ஆனால் கோட்டைத் தாண்டினால் கதை வேறு. மருத்துவ உளவியலாளராகப் பணி செய்ய, 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். உங்கள் இணையப் பக்கத்தில் ‘தெரபி’, ‘ட்ராமா ஹீலிங்’ என்று எழுதும்போது, உங்களுக்குப் பதிவு இல்லாத ஒரு தொழிலின் வாசலில் போய் நிற்கிறீர்கள்.

நடைமுறையில் இது ஏன் முக்கியம்? திடலில் மக்கள் உடைந்து அழுவது சகஜம். உயரமான ஒரு விலங்கு அமைதியாகப் பக்கத்தில் வந்து நின்றால், பேசாத பல விஷயங்கள் மேலே வரும். போன மாதம் அப்பாவை இழந்தவர் இருப்பார். தற்கொலை எண்ணத்தோடு இருப்பவரும் இருக்கலாம். சுற்றி நிற்பது அவருடைய சக ஊழியர்களும் அவருக்கு அப்ரைசல் எழுதும் மேலாளரும். அந்த நிமிடத்தில் உங்களிடம் இருக்க வேண்டியது அமர்வை நிறுத்தும் தெளிவும், அவரைப் பாதுகாப்பாகத் தனியே அழைத்துப் போகும் ஏற்பாடும், ஒப்படைக்க ஒரு மனநல நிபுணரின் எண்ணும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும். இதை ஒரு மணி நேரம்கூட கற்றுத்தராத கோர்ஸ், நீங்கள் பணம் கட்டத் தகுதியானது அல்ல.

குதிரையின் பக்கம் யார்?

2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 6.2 லட்சம். 2019-ல் சுமார் 3.4 லட்சம். ஏழு ஆண்டில் 45.6% சரிவு. குதிரை குறைந்தால், அதை நம்பிப் பிழைக்கும் லாடம் கட்டுபவரும், குதிரைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரும் குறைவார்கள். பெருநகரத்துக்கு வெளியே ஒரு திடல் தொடங்க நினைத்தால் இந்தத் தட்டுப்பாடு உங்கள் முதல் செலவாக வந்து நிற்கும்.

செலவு என்றதும், கோர்ஸ் கட்டணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். குதிரை தினமும் தன் எடையில் சுமார் 2% அளவு உலர் தீவனம் சாப்பிடும். 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு 8 கிலோ. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீர்செய்ய வேண்டும். ஆஃப்சைட் புக்கிங் வராத மழைக்கால மாதத்திலும் அது சாப்பிடும். அதனால் புதிதாக வருபவர்களுக்குச் சொந்தக் குதிரை வாங்குவதைவிட, நல்ல லாயம் ஒன்றோடு ஒப்பந்தம் போடுவதே புத்திசாலித்தனம்.

நோய்க் கட்டுப்பாடும் உங்கள் பொறுப்புதான். கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தியாவில் இதற்கான பரிசோதனைகளைச் செய்கிறது. லாயத்தில் பரிசோதனைப் பதிவு இருக்கிறதா, பணியாளர்கள் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்று கேட்காமல் இருபது பேரை உள்ளே அனுப்பாதீர்கள்.

கடைசியாக, வதை. 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு காபியின் விலை. சட்டம் குதிரையைக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது, நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். காதைப் பின்னால் மடக்குவது, வாலை வேகமாக வீசிக்கொண்டே இருப்பது, திரும்பத் திரும்ப விலகிப் போவது ஆகியவை ‘எனக்குப் போதும்’ என்பதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். அவற்றையே உங்கள் வாடிக்கையாளருக்கான ‘செய்தி’ ஆக்கி ஐந்தாவது குழுவையும் உள்ளே அனுப்பினால், குதிரை சொன்னதை முதலில் கேட்க மறுத்தவர் நீங்கள்தான்.

பணம் கட்டும் முன் கேட்க ஆறு கேள்விகள்

1. தேர்வு வைப்பவரும் கோர்ஸை விற்பவரும் ஒரே ஆளா? இதுவரை எத்தனை பேர் தோற்றிருக்கிறார்கள்?

2. சான்றிதழைத் திரும்பப் பெறும் விதி இருக்கிறதா? புகார் செய்ய யாரிடம் போக வேண்டும்?

3. மொத்த மணி நேரத்தில் எவ்வளவு நேரம் நான் குதிரையோடு நிற்பேன்? எவ்வளவு நேரம் உண்மையான பங்கேற்பாளர்களோடு, மேற்பார்வையில் வேலை செய்வேன்?

4. கவனிப்பையும் விளக்கத்தையும் பிரிக்கக் கற்றுத்தருவீர்களா? என் அமர்வைப் பதிவுசெய்து என் தவறுகளைக் காட்டுவீர்களா?

5. பங்கேற்பாளர் உடைந்துபோனால் என்ன நடைமுறை? விபத்து நடந்தால் காப்பீடு யாருடையது?

6. குதிரை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யும்? ‘இன்னைக்கு இது வேண்டாம்’ என்று நிறுத்தும் அதிகாரம் லாயப் பராமரிப்பாளருக்கு உண்டா?

முதல் இரண்டு கேள்விகளுக்கு மழுப்பலான பதில் வந்தால், நீங்கள் வாங்கப்போவது பயிற்சிதான், தகுதி அல்ல. அதற்கான விலையை மட்டும் கொடுங்கள். கடைசி இரண்டு கேள்விகளுக்கு மழுப்பலான பதில் வந்தால், வெளியே வந்துவிடுங்கள்.

சரி, நிஜமாவே ஆசை இருந்தா?

வேலையை விடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் குதிரையேற்றப் பள்ளியில் ஆறு மாதம் வார இறுதிகளில் தரையில் வேலை கேளுங்கள். லத்தி அள்ளுவதும் அதில் உண்டு. பராமரிப்பாளரை ‘அண்ணா’ என்று கூப்பிடுவதோடு நிறுத்தாமல், அவர் சொல்வதைக் குறிப்பெடுங்கள். அதே ஆறு மாதத்தில் குதிரையே இல்லாத, முறையான கோச்சிங் பயிற்சி ஒன்றைத் தொடங்குங்கள்.

ஆறு மாதம் கழித்தும் இரண்டிலும் ஆர்வம் குறையவில்லை என்றால், சான்றிதழ் கோர்ஸில் சேருங்கள். அப்போது அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இரண்டு திறமைகளை இணைக்கும். தனியாகத் திடலில் இறங்க வேண்டிய அவசியமும் இருக்காது. குதிரை தெரிந்த அந்த அண்ணனை உதவியாளராக அல்ல, பெயரும் ஊதியப் பங்கும் உள்ள கூட்டாளியாக அழைத்துப் போகலாம். ஃபங்ஸ்டுக்கே தன் தலையசைவை அடக்க முடியவில்லை. நீங்கள் தலையசைக்கும்போது சுட்டிக்காட்ட பக்கத்தில் ஒருவர் வேண்டும்.